முன்வாசலில் கூப்பிட்ட பெயர்

முத்துலிங்கம் தன் வாழ்க்கையில் இரண்டே இரண்டு நேர்முகப் பரீட்சைகளுக்குத்தான் போயிருக்கிறார். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே பலகைத் தரையின் மேல் நடந்தன. முதலாவது முடிய ஒரு சுருட்டுப் பற்றவைக்கிற நேரம்கூட ஆகவில்லை. இரண்டாவதற்கு அவர் ஒரு கிழமையாகப் படித்தும், முதல் கேள்வி வருவதற்கு முன்பே தோற்றுவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அக்கரப்பத்தனையில் பஸ் திரும்பிப் போகிற இடத்தைத் தாண்டி இன்னும் மேலே ஏறினால் மொட்டப்பாறைத் தோட்டம். கடதாசிகளில் அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் இருக்கிறது. வாயில் எல்லோருக்கும் மொட்டப்பாறைதான். தொழிலாளர் குடியிருக்கிற லயங்களெல்லாம் கீழே, தேயிலை அரைக்கிற ஸ்டோர் நடுவில், உச்சியில் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையின் பங்களா. லயத்துப் பிள்ளைகள் அந்தப் பங்களாவின் புகைபோக்கியைப் பார்த்தே நேரம் சொல்வார்கள். புகை வந்தால் துரை எழும்பிவிட்டார், வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் சேரப்போகிறது என்று அர்த்தம்.

முத்துலிங்கத்தின் அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். மகனுக்குக் கத்தி பிடிக்கிற கை இல்லை என்று அவருக்கு முன்னமே தெரிந்துவிட்டது. மீசை அரும்பிய வயதில் அவனைப் பங்களாவுக்குக் கூட்டிப்போய், பின்பக்கம் சமையல் நடக்கிற குசினியின் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, மலைக்குப் போய்விட்டார். பங்களாவின் சமையலுக்கும் வேலையாட்களுக்கும் பெரியவராக இருப்பவரை அப்பு என்பார்கள். அப்போது செபமாலை அப்பு. கழுத்தில் வெள்ளிச் சிலுவை, தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துவாய். அவர் பையனின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார்.

"கால கழுவிட்டு வா."

கழுவிக்கொண்டு வந்தான்.

"இங்கருந்து அந்தக் கதவு மட்டும் நட."

பெரிய ஹோல் அது. மெழுகு தேய்த்த பலகைத் தரை கண்ணாடி மாதிரி கிடந்தது. முத்துலிங்கம் நேராக நடந்தான். கணப்படுப்புக்கு முன்னால் ஒரு பலகை 'கொர்ர்' என்றது.

"தவள கத்திருச்சு," என்றார் செபமாலை அப்பு.

போச்சு என்று நினைத்துக் குசினிப் பக்கம் திரும்பினான்.

"எங்கடா போற? இன்னொருக்கா நட."

இரண்டாவது தடவை அவன் சுவரோரமாகவே போனான். ஓரத்துப் பலகைகள் சத்தம் போடவில்லை. போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தபோது அப்பு துவாயை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கி வந்துரு."

அவ்வளவுதான். பெயரைக்கூட மறுநாள்தான் கேட்டார்கள்.

அந்த நாளிலிருந்து அவருடைய வேலை, தான் அங்கே இல்லாதது மாதிரி இருப்பதுதான். துரை எழும்புவதற்கு முன்னால் கணப்படுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும், யார் மூட்டியது என்று தெரியக்கூடாது. மேசையில் தேத்தண்ணி இருக்க வேண்டும், யார் வைத்தது என்று தெரியக்கூடாது. ஹோலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தால் வேலைக்காரன் குறுக்கே போகக்கூடாது. முன்வாசலுக்குப் போக வேண்டுமென்றால் குசினிக் கதவால் வெளியே இறங்கி, விறகுக் கொட்டிலைச் சுற்றி, தண்ணித்தொட்டியைத் தாண்டி, மழைத்தண்ணி ஓடுகிற கானோரமாகப் போக வேண்டும். மழையானாலும் அப்படித்தான். இதை எவரும் எழுதி ஒட்டவில்லை. எல்லோருக்கும் காலிலேயே இருந்தது.

அதை அவர் கஷ்டமென்று எண்ணியதில்லை. சொல்லப்போனால் அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. விடியற்காலையில், மலையெல்லாம் மேகம் மூடிக்கிடக்க, அந்தப் பெரிய வீட்டில் தன் மூச்சு மட்டும் தனக்குக் கேட்க, யூக்கலிப்டஸ் குச்சியில் முதல் நெருப்பு பிடிக்கிற நேரம் இருக்கிறதே, அந்த நேரத்தில் பங்களா முழுவதும் அவருடையது. துரைமார் வந்தார்கள், மாறிப் போனார்கள். ஒரு துரை மூன்று நாய்கள் வைத்திருந்தார். ஒருவர் இரவெல்லாம் ரேடியோ கேட்டார். ஒருவர் யாரோடும் பேசமாட்டார், ரோசாச் செடிகளோடு மட்டும் பேசுவார். செபமாலை அப்பு ஒரு மாதா திருவிழாவுக்கு மறுநாள் கண்ணை மூடினார். வெள்ளைத் துவாய் முத்துலிங்கத்தின் தோளுக்கு வந்தது. அந்தத் தோளோடுதான் அவர் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கிலிருந்த லெட்சுமியைக் கட்டினார். பங்களாவுக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில்தான் மகள் கிருஷாந்தி பிறந்தாள், நடந்தாள், படித்தாள், கொழும்புக்கு வேலைக்கும் போனாள்.

பிறகு துரைமார் வருவது நின்றது. இப்போது இருக்கிற மனேஜர் ஸ்டோருக்குப் பக்கத்தில் உள்ள புது வீட்டில் இருக்கிறார். பங்களா பூட்டிக் கிடந்தது. ஆனாலும் முத்துலிங்கம் காலையில் ஜன்னல்களைத் திறந்து, நெருப்பு மூட்டி, மாலையில் அடைத்தார். ஈரம் ஏறினால் பலகை கெட்டுவிடும். ஆள் இல்லாத வீட்டிலும் அவர் ஓரப் பலகையில்தான் நடந்தார்.

போன மாசி மாதம், கொழும்பிலிருந்து ஒரு கொம்பனி பங்களாவைக் குத்தகைக்கு எடுத்தது. வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற இடமாக்கப் போகிறார்களாம். பழைய வேலையாட்களும் புதியவர்களைப் போலவே நேர்முகப் பரீட்சைக்கு வரவேண்டும் என்றார்கள். வேலை கிடைக்காதவர்கள் பங்களாக் காணியில் இருக்கிற வீட்டையும் விடவேண்டும்.

லெட்சுமி அதைக் கேட்டதும் வாயில் கையை வைத்தாள்.

"நீங்க செய்ற வேலைக்கே ஒங்களுக்கு இன்டர்வியூவா?"

"அப்புடித்தான் சொல்றாங்க."

"கெடைக்கலன்னா?"

அவர் துவாயை மடித்துத் தோளில் போட்டார். ஐம்பது வயதில் கொழும்பில் ஏதாவது கடையில் போய்ச் சாமான் தூக்க வேண்டியதுதான். அதை வேறு வாயால் சொல்ல வேண்டுமா?

அன்று பின்னேரமே கிருஷாந்தியிடமிருந்து போனில் குரல் செய்தி வந்தது. லெட்சுமி அதை வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வைத்துச் சத்தமாகப் போட்டாள்.

"அப்பா, நல்லா கேட்டுக்குங்க. கதவத் தட்டிட்டுப் போங்க. ஒக்காரச் சொன்னா ஒக்காருங்க. குனிஞ்சிக்கிட்டே பேசாதீங்க, கண்ணப் பாத்து பேசுங்க. ஒங்களப் பத்தி சொல்லுங்கன்னு கட்டாயம் கேப்பாங்க. என்னத்தச் சொல்லன்னு மட்டும் சொல்லிராதீங்க. கடேசியா, ஏதாவது கேள்வி இருக்கான்னு கேப்பாங்க. ஒண்ணாவது கேக்கணும். அம்மா, நீங்கதான் பழக்கணும்."

லெட்சுமிக்கு அது பிடித்த வேலையாகப் போயிற்று. தொழிற்சங்கத்தில் மாதர் தலைவியாக இருந்தவள் அவள். கொழுந்து நிறுவை குறைந்தால் கணக்கப்பிள்ளையை நிற்கவைத்துக் கேட்கிற வாய். மலையிலிருந்து வந்ததும் கொழுந்தெடுக்கையில் இடுப்பில் சுற்றுகிற படங்கைக்கூட அவிழ்க்காமல், இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளை எதிரும் புதிருமாகப் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

"ம். பேரு?"

"ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க. நான் கொழும்பு நோனா. பேரு?"

"முத்துலிங்கம்."

"தரையப் பாத்து சொன்னா தரைக்குத்தான் கேக்கும். எம்மொகத்தப் பாத்து சொல்லுங்க."

"இத்தன வருசமா பாத்த மொகந்தானே."

"அப்ப இன்னும் லேசு. நல்லா ஒக்காருங்க. கோழி பரண்ல குந்துன மாதிரி ஓரத்துல குந்தாதீங்க. ஒங்களப் பத்தி சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். "நாய் வளத்த தொரை இருந்தப்ப..."

"தொரைய யாரு கேட்டா?"

"அப்புறம் ஒரு தொரசாணி வந்தாங்க..."

"தொரசாணியையும் கேக்கல! ஏங்க, ஒங்க கதையில ஒங்களத் தவிர எல்லாரும் இருக்காங்களே."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் அன்றைக்குப் படுத்த பிறகும் அந்தச் சொல் அவரை விடவில்லை. தன்னை மட்டும் எடுத்து வைத்துச் சொல்ல எதைத் தேடினாலும், கையில் வந்தது யாரோ ஒருவருடைய கோப்பை, யாரோ ஒருவருடைய சப்பாத்து, யாரோ ஒருவருடைய கம்பளி.

சப்பாத்தும் வந்து சேர்ந்தது. கிருஷாந்தி ஹட்டன் பஸ்காரரிடம் கொடுத்துவிட்டிருந்தாள். கறுப்பு நிறம். கொஞ்சம் பெரிது. லெட்சுமி முனையில் பேப்பரைச் சுருட்டித் திணித்தாள். முத்துலிங்கம் பிறருடைய சப்பாத்துகளை முகம் தெரிகிற மாதிரி மினுக்கியவர். தன்னுடையதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தபோது, யாரோ பின்னாலேயே வருகிறார்கள் என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

பரீட்சைக்குக் குறித்த சனிக்கிழமை வந்தது. அவர் வழக்கம்போல விடியமுன் எழும்பிப் போய் ஹோலில் நெருப்பு மூட்டினார். பரீட்சைக்காரர்களுக்காகக் கதிரைகளைத் துடைத்தார், மேசைக்குப் பூ வைத்தார். பிறகு வீட்டுக்கு வந்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சப்பாத்தும் மாட்டி, மறுபடி குசினிக் கதவால் பங்களாவுக்குள் போய், ஹோலை ஒட்டி, கோப்பை தட்டுகள் வைக்கிற பேன்ட்ரியில் நின்றுகொண்டார். எதையும் யோசித்துச் செய்யவில்லை. காத்து நிற்பதென்றால் அவர் நிற்கிற இடம் அதுதான்.

கொழும்பிலிருந்து வேனில் இரண்டு பேர் வந்தார்கள். டிலானி என்றொரு சிங்களப் பெண்மணி, எல்லோருக்கும் நோனா. கூட, ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப் பையன் நிரஞ்சன், அவன்தான் இங்கே பொறுப்பாக இருக்கப்போகிறவன். இருவரும் ஹோலில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். வேலை கேட்டு வந்தவர்கள் முன்வராந்தா வாங்கில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கொம்பனி ஜெக்கட் போட்ட ஒரு பிள்ளை வாசலில் நின்று பெயர் கூப்பிட்டது.

முதல் ஆள் தோட்டக்கார வீரய்யா. அவர் போன வேகத்தில் வந்துவிட்டார். அடுத்ததாக முன்வாசலில் சத்தம் கேட்டது.

"முத்துலிங்கம்!"

பேன்ட்ரியில் அவருக்குத் தெளிவாகவே கேட்டது. எதிரே கதவு. கதவுக்கு அப்பால் ஹோல். ஹோலைக் கடந்தால் முன்வாசல். ஆனால் ஹோலில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் ஒரு அடி எடுத்துவைத்தார். கால் நின்றுவிட்டது.

"முத்துலிங்கம்!"

அவர் திரும்பிக் குசினிக் கதவால் இறங்கினார். விறகுக் கொட்டிலைச் சுற்றினார். தண்ணித்தொட்டியடியில் சேறு. பெரிய சப்பாத்து காலைவிட்டுக் கழன்றது, குனிந்து மாட்டிக்கொண்டார். கானோரத்தில் ஓட்டமும் நடையுமாக முன்பக்கம் வந்து சேர்ந்தபோது, ஹட்டனில் ஹோட்டல் கோர்ஸ் படித்த ஒரு இளைஞன் வாங்கிலிருந்து எழும்பி உள்ளே போய்க்கொண்டிருந்தான்.

"நான்தாம்மா முத்துலிங்கம்."

அந்தப் பிள்ளை திகைத்துப் பார்த்தது. "ஐயையோ, நீங்க வரலன்னு சொல்லிட்டேனே. எங்க இருந்தீங்க?"

"உள்ளுக்குத்தான்."

"உள்ளுக்கா?"

"குசினிப் பக்கம்."

"கூப்பிட்டது கேக்கலயா?"

"கேட்டுச்சு."

"அப்ப ஏன் வரல?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரிச் சொல்ல முடியாது.

எல்லாரும் முடிந்ததும் கேட்டுப் பார்க்கிறேன் என்று அது சொன்னதால் வாங்கின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். வீரய்யா பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னா மச்சான் இப்புடி பண்ணிட்ட? எங்கிட்ட ரோசா என்னென்ன நெறத்துல இருக்குன்னு கேட்டாங்க. அந்தா ஜன்னல் வழியா பாருங்கன்னேன். அவ்ளோதான். வேல சரி."

"நல்லது."

"லெட்சுமி கேட்டா என்னா சொல்லுவ? அது ஒன்ன கொழுந்துக்கூடையில போட்டு ஸ்டோருக்கு அனுப்பிறாதா?"

முத்துலிங்கம் சிரிக்கவில்லை. உள்ளே அந்த இளைஞன் பேசுவது கேட்டது. நான் இதைப் படித்தேன், நான் அதைச் செய்வேன், எனக்கு இது நன்றாக வரும். நல்ல பிள்ளைதான், பொய் சொல்லவில்லை, தன்னைப் பற்றிச் சொல்ல அவனுக்குச் சொற்கள் இருந்தன. முத்துலிங்கம் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தார். மொட்டப்பாறையிலிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் லெட்சுமி அரைநாள் கணக்கான அரைப்பேர் வேலையை முடித்துவிட்டு ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அவளுக்கு என்ன பதில்? கால் வரவில்லை என்றா?

ஒவ்வொருவராகப் போய் முடித்தார்கள். வாங்கு வெறிதாயிற்று. கொம்பனிப் பிள்ளை அவரை மறந்து தேத்தண்ணி குடிக்கப் போனது. வேன்காரர் எஞ்சினை ஒருதரம் முறுக்கிப் பார்த்தார்.

முத்துலிங்கம் எழும்பினார்.

முன்கதவு பாதி திறந்தேதான் இருந்தது. அதன் பித்தளைப் பிடியை அவர் மினுக்காத நாளில்லை. மற்றவர்களுக்காக எத்தனையோ தடவை அதைத் திறந்து பிடித்திருக்கிறார். தான் நுழைவதற்காக அதைத் தொட்டதே இல்லை. மகள் சொன்னது நினைவு வந்து கதவைத் தட்டினார். விரல் முட்டி மரத்தில் பட்டதா என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளே போனார்.

போனார் என்பது சரிதான். ஆனால் கால் அதன் பாட்டில் ஓரப் பலகையைப் பிடித்துவிட்டது. பெரிய சப்பாத்திலும் அவருக்கு அந்த நடை வந்தது. மேசையிலிருந்து கொஞ்ச தூரத்தில், சுவரோரம் போய் நின்றார். நோனாவும் நிரஞ்சனும் தலை குனிந்து கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் முடிஞ்சதா?" நோனா சிங்களத்தில் கேட்டாள்.

"ஒருத்தர் மட்டும் வரல மிஸ். பழைய அப்பு," என்றான் நிரஞ்சன்.

"பாவம். வயசான ஆளா இருக்கும். விருப்பம் இல்லாம இருக்கும்."

அவர் அவர்களுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டினால் மேசை எட்டும். இருவருக்கும் தெரியவில்லை. செபமாலை அப்பு இருந்திருந்தால் துவாயைத் தோள் மாற்றியிருப்பார். ஒரு காலத்தில் அவரை வேலையில் சேர்த்த அதே திறமைதான் இப்போது அவரை வேலையிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தது. நோனா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

முத்துலிங்கம் சுவரைவிட்டு நடுவுக்கு வந்தார். கணப்படுப்புக்கு முன்னால், எந்தப் பலகையை முதல் நாளிலிருந்து மிதிக்காமல் காத்தாரோ அந்தப் பலகையில், முழுச் சப்பாத்தையும் ஊன்றி நின்றார்.

தவளை கத்தியது. வீடே கேட்கிற மாதிரிக் கத்தியது.

இருவரும் துள்ளித் திரும்பினார்கள்.

"நான்தாங்க முத்துலிங்கம்," என்றார். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். "கூப்புட்டப்ப பின்பக்கம் நின்னுட்டேன். அங்கருந்து சுத்தி வர நேரமாயிருச்சு."

ஏன் சுற்றி வந்தார் என்று நோனாவுக்கு விளங்கவில்லை. நிரஞ்சன் பேன்ட்ரிக் கதவைப் பார்த்தான். முன்கதவைப் பார்த்தான். அவர் சப்பாத்தில் ஒட்டியிருந்த சேற்றையும் பார்த்தான். அவனுடைய முகம் கொஞ்சம் மாறியது.

"எங்க அப்பா ஸ்டோர்லதாண்ணே வேல செஞ்சாரு. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளிய நின்னுதான் பேசுவாரு, மழ பேஞ்சாலும்," என்றான். பிறகு கதிரையைக் காட்டினான். "ஒக்காருங்க."

முத்துலிங்கம் சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்துக் கதிரையைத் துடைத்தார். கைப்பிடியை, முதுகை, பிரம்பு இருக்கையை.

"காலையிலேயே தொடச்சிருப்பீங்கதானே. இப்ப ஒக்காருங்கண்ணே."

உட்கார்ந்தார். பரணில் குந்துகிற மாதிரி இல்லாமல், லெட்சுமி சொன்னபடி, முழுதாக. உட்கார்ந்ததும் எதிர் ஜன்னலில் மொட்டப்பாறை தெரிந்தது. இந்தக் கதிரையிலிருந்து பார்த்தால் பாறை ஜன்னலுக்குள் அப்படியே படம் மாதிரிப் பொருந்தி நிற்கும் என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும். துரைமார் ஏன் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு அப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போது விளங்கியது.

நோனா கைப்பையைக் கீழே வைத்தாள். "உங்களைப் பத்திச் சொல்லுங்க."

அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். "ரோசாப்பூ வளத்த துரை ஒருத்தர் இருந்தாரு..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினார். கீழ்க்கணக்கு வரைக்கும் கேட்கிற லெட்சுமியின் குரல் அவர் காதுக்குள் கேட்டது.

"இங்க எனக்கு வேல, நான் இருக்கறது யாருக்கும் தெரியாம பாத்துக்கறதுதான் நோனா. அத நல்லா செஞ்சேன்."

"நல்லது. ஆனா எங்களுக்கு வேண்டியது வர்றவங்களோட பேசுற ஆள். நீங்க பேசுவீங்களா?"

"பேசத் தெரியாம இல்ல. பேசுற வேல எனக்குத் தரல."

நிரஞ்சன் சிரித்தான். நோனா சிரிக்கவில்லை. ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ப ஒண்ணு சொல்லுங்க. வேற யாரும் இல்லாத, உங்களோட கதை."

முத்துலிங்கம் நெருப்பைப் பார்த்தார். காலையில் தான் வைத்த கட்டை உள்ளே சரிந்து சிவந்திருந்தது. அப்படி ஒரு கதை இருக்கத்தான் செய்தது. லெட்சுமிக்கும் சொல்லாதது. சொல்லக்கூடாததென்று இல்லை. தனக்கென்று இருந்தது அது ஒன்றுதான் என்பதால் எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை.

சொன்னார். புதிதாகக் கல்யாணம் முடித்து ஒரு துரைசாணி வந்தாள். சின்ன வயது. கொழும்பில் வளர்ந்தவள், குளிரும் இருட்டும் பழக்கமில்லை. காலையில் எழும்பி வந்தால் நெருப்பு எரிகிறது, தேத்தண்ணி சூடாக இருக்கிறது, அவிழ்த்துப் போட்ட சால்வை மடித்து இருக்கிறது. ஆளைக் காணோம், காலடிச் சத்தமும் கேட்பதில்லை. வீட்டில் பேய் இருக்கிறதென்று முடிவு கட்டிவிட்டாள். ஆனால் நல்ல பேய். துரையிடம் சொன்னால் சிரிப்பாரென்று சொல்லவில்லை. ஒருநாள் அந்தப் பேய்க்கென்று கணப்படுப்பு விளிம்பில் ஒரு துண்டு கேக் வைத்துவிட்டுப் படுத்தாள்.

"அய்யோ," என்றாள் நோனா. "அதை யார் சாப்பிட்டது?"

"பேய்தான் நோனா." முத்துலிங்கம் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "பிளம்ஸ் போட்ட கேக்."

நோனா வாய்விட்டுச் சிரித்தாள். நிரஞ்சன் மேசையில் தட்டினான்.

"அப்புறம் ஞாயித்துக்கெழம தோறும் வச்சாங்க. நானும் தட்ட கழுவி, ஒரு ரோசாப்பூ போட்டு அதே எடத்துல வைப்பேன். நேர்ல பாத்தா தொரசாணி எங்கிட்ட ஒரு வார்த்த பேசுனதில்ல. நானும் பேசுனதில்ல. மாத்தல் வந்து போற அன்னிக்கி, கார் நிக்குது, எல்லாரும் வெளிய நிக்கிறாங்க. அவுங்க மட்டும் திரும்பி வந்து, இந்தா, இந்த எடத்துல நின்னு, யாரும் இல்லாத வீட்டப் பாத்து, போயிட்டு வர்றேன்னு சொன்னாங்க. நான் அந்தக் கதவுக்குப் பின்னால நின்னேன். நானும் போயிட்டு வாங்கன்னு சொன்னேன். வாய்க்குள்ளதான்."

சிரிப்பு நின்றது. அந்த வீட்டில் அவர் தன் வாயால் இவ்வளவு சொற்களை ஒன்றாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபிறகு, கம்பளியை உதறிவிட்டு வெறும் தோளோடு நிற்கிற மாதிரிக் குளிர்ந்தது.

நோனா நிரஞ்சனைப் பார்த்தாள், நிரஞ்சன் தலையாட்டினான். அடுத்த மாதம் முதலாம் தேதியிலிருந்து ஆட்கள் வருவார்கள், முன்வாசலில் நின்று அவர்களை உள்ளே கூப்பிடுவது நீங்கள்தான், என்றாள் நோனா. உடுப்பு கொம்பனி தரும். "இந்தக் கதையை வர்றவங்க எல்லாருக்கும் சொல்லணும்," என்று சேர்த்துக்கொண்டாள்.

எல்லாருக்குமா? அவர் மறுபடி நெருப்பைப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

"வீடு?" என்று நிரஞ்சனிடம் தமிழில் மெல்லக் கேட்டார்.

"அது ஒங்க வீடுதாண்ணே. வேல இருக்க வரைக்கும் யாரும் கேக்கமாட்டாங்க."

நோனா எழும்பினாள். "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?"

மகள் சொல்லியிருந்தாள், ஒன்றாவது கேட்க வேண்டும். அவர் எதையும் ஆயத்தம் பண்ணியிருக்கவில்லை. எழும்பி, கதிரையைச் சத்தமில்லாமல் மேசைக்குள் தள்ளிவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்தார். இடது பக்கம் பேன்ட்ரி. வலது பக்கம் முன்வாசல்.

"இப்ப நான் எந்தப் பக்கமா வெளிய போகணும்?"

பகிடி என்று நினைத்து நோனா சிரித்தாள். நிரஞ்சன் மட்டும் எழும்பிப் போய், பாதி சாய்ந்திருந்த முன்கதவை முழுசாகத் திறந்து பிடித்தான்.

"இந்தப் பக்கமாண்ணே."

வெளியே மேகம் முற்றத்துக்கே வந்திருந்தது. லெட்சுமி எங்கே நிற்பாளென்று அவருக்குத் தெரியும். சரளைக்கல் பாதையில் பங்களாவைச் சுற்றி நடந்தார். பின்னால், குசினிக் கதவுக்கு நேரே, அவள் முதுகு தெரிந்தது. இடுப்பில் படங்கு, கையில் துணியால் கட்டிய ரொட்டிப் பாத்திரம். கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள்.

சரளைக்கல்லில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. லெட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. சட்டென்று பாதையை விட்டு விலகி, கானோரத்தில் இறங்கி, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, போகிறவருக்கு வழி விட்டுக் குனிந்து நின்றாள். கணக்கப்பிள்ளையை நிற்கவைத்துக் கேட்கிறவள்தான். ஆனால் சப்பாத்துச் சத்தத்துக்குக் கால் தானாகப் பணிந்துவிட்டது.

முத்துலிங்கம் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான்தான் புள்ள."

அவள் தலை நிமிர்ந்து அவர் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், அவர் வந்த பாதையைப் பார்த்தாள். குசினிக் கதவு மூடியே இருந்தது.

"முன்பக்கமாவா வந்தீங்க?"

"ஆமா."

அவளுக்கு அந்தப் பதிலே போதுமாயிருந்தது. கானிலிருந்து பாதைக்கு ஏறுவதற்குக் கையை நீட்டினாள். அவர் பிடித்து ஏற்றினார்.

"எங்கருந்தோ ஒரு தொரை வர்றாருன்னு பயந்துட்டேன். தொரைக்கி ரொட்டி ஆறிப்போச்சி," என்றாள்.

"பரவால்ல. ஒனக்கு ஒரு கத சொல்லணும். ஒரு பேயப் பத்தி."

"பேயா? இன்டர்வியூல பேயப் பத்தியா கேட்டாங்க?"

அவர் குசினிப் படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் கேக் என்று சொன்னதும் லெட்சுமி அவர் கதையை நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கெழம தோறுமா? எனக்கு ஒரு துண்டு கொண்டாரணும்னு தோணலயா ஒங்களுக்கு?"